தொட்டிக்கட்டு வீட்டைச் செப்பனிடுதலும் விரிவுபடுத்துதலும்

கொங்கு நாட்டுத் தோட்டச் சாளைகளிலும் ஊர்த் தெருக்களிலும் நம் பாட்டன்மார் எழுப்பிய தொட்டிக்கட்டு வீடுகள் இன்னும் பல நிற்கின்றன. நடுவில் வானம் பார்த்த முற்றம். அதைச் சுற்றி நாற்புறமும் ஆசாரம். ஆசாரத்தை ஒட்டி அறைகள். ஒன்றரை அடி, இரண்டடி கனத்தில் மண்சுவர். மேலே நாட்டு ஓடோ சீமை ஓடோ வேய்ந்த சாய்கூரை. இவ்வீடுகளில் வாழ்வோர் முன் இன்று ஒரு கேள்வி நிற்கிறது. இடித்துத் தள்ளிவிட்டுத் தளவீடு கட்டுவதா? இருப்பதைச் செப்பனிட்டு, வேண்டுவதைச் சேர்த்துக்கொண்டு வாழ்வதா?

இக்கேள்வி அழகைப் பற்றியது மட்டுமன்று. தளவீடு கட்டப் புறப்பட்டுத் தோட்டத்தை அடமானம் வைத்து, வீடு முடிவதற்குள் கிணற்றடி நிலத்தை இழந்த குடும்பங்கள் உண்டு. மறுபுறம், பழைய வீட்டின் மேல் உள்ள பற்றினால் ஒன்றும் செய்யாதிருந்து, ஐப்பசி மழையில் சுவர் சரிந்து உயிரிழந்தோரும் உண்டு. ஆதலின் இவ்விஷயத்தில் பெருமையையும் பரிதாபத்தையும் ஒருபுறம் வைத்துவிட்டு, எது உறுதியானது, எது உளுத்தது, எது குறைந்த செலவில் சீர்ப்படும் என்று பார்ப்பதே உசிதம்.

கொத்தனாரை அழைப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பத்திரத்தை எடுத்துப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் பாட்டனார் பெயரிலேயே இருக்கும். தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும், நாடு முழுமைக்குமான 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும் மூதாதையர் சொத்தில் மகள்களுக்கு மகன்களோடு சமமான உரிமை அளித்துள்ளன. அண்ணன் தன் பணத்தைப் போட்டுக் கூரை மாற்றி, மூன்றாம் ஆண்டில் பாகப்பிரிவினை வந்து முற்றத்தின் நடுவே சுவர் எழும்பினால் போட்ட பணமும் போயிற்று, வீடும் போயிற்று. முற்றத்தைக் குறுக்காகப் பிரித்த தொட்டிக்கட்டு வீடு வீடாகவே இராது. மழைநீர் வடிய வழியற்ற இரண்டு குழிகளாகிவிடும். உடன்பிறந்தார் அனைவரையும், கட்டிக்கொடுத்த தங்கையர் உட்பட, உட்காரவைத்துப் பேசி எழுதிக்கொண்ட பிறகே முதல் ஓட்டைக் கழற்றவேண்டும்.

நீர் செல்லும் வழி

மண்வீட்டுக்கு வயது பகையன்று, நீரே பகை. உலர்ந்திருக்கும் மண்சுவர் நூறாண்டு நிற்கும். அதே சுவரின் அடி ஊறிவிட்டால் ஒரே மழையில் உட்கார்ந்துவிடும். எனவே செப்பனிடுதல் என்பது, முதலாவதாக, நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஆராய்வதேயாகும்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். நாற்பதடிக்கு நாற்பதடி உள்ள வீட்டைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறக்குறைய 149 சதுர மீட்டர். அதில் பாதி, முற்றத்தையும் சேர்த்து, உட்புறமாக வடிகிறது என்று வைத்துக்கொண்டால், 50 மில்லிமீட்டர் மழை பெய்த ஓர் இரவில் முற்றத்தில் இறங்கும் நீர் 3,700 லிட்டருக்கு மேல். பதினைந்து லிட்டர் குடத்தால் அளந்தால் சுமார் 250 குடம்! இவ்வளவும் முற்றத்து மூலையில் உள்ள ஒரு சிறு தூம்பின் வழியாகத்தான் வெளியேறவேண்டும். அத்தூம்பு அடைத்துக்கொண்டாலும், வெளியே அது திறக்கும் இடத்தில் தெருமட்டம் உயர்ந்துவிட்டாலும், நீர் ஆசாரத்துச் சுவரின் அடியில் தேங்கி நிற்கும்.

தெருமட்டம் உயர்வது நாம் எங்கும் காணும் கேடு. பழைய தாரைப் பெயர்க்காமலே அதன்மேல் புதிய தாரைப் போட்டுப் போட்டு, மூன்று படி ஏறிச் சென்ற திண்ணைக்கு இன்று ஒரு படி இறங்கிச் செல்கிறோம். இவ்வாறான வீட்டில் உள்ளே எவ்வளவு பூசினாலும் பயனில்லை. சுவரிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு வடிகால் வெட்டி, சுவருக்கும் அதற்கும் இடையே வெளிநோக்கிச் சரியுமாறு கல் பாவவேண்டும். சுவரை ஒட்டியே ஆழமாகத் தோண்டுவது தவறு. கடைக்காலின் பிடிமானம் போய்விடும். முற்றத்து நீரைத் தெருவுக்கு விடாமல் குழாய் வழியே வடிகட்டும் தொட்டிக்கும், அங்கிருந்து கிணற்றுக்கும் கொண்டுசெல்வது இரட்டை நன்மை. தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது 2003-ஆம் ஆண்டில். தொட்டிக்கட்டு வீடோ, நீரை ஓரிடத்தில் சேர்க்கும் வேலையை அதற்கு நெடுங்காலம் முன்பே முடித்து வைத்திருக்கிறது. நாம் ஒரு குழாயை இணைத்தால் போதும்.

அடுத்தது கூடல்வாய். இரண்டு சாய்கூரைகள் முற்றத்தின் மூலையில் சேருமிடத்தில் உள்ள தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், அதன் கீழுள்ள மூலைக்கைமரம்தான் முதலில் உளுக்கும். வீட்டைப் பார்வையிடும்போது பகலில் விளக்கை அணைத்து, பரண்மேல் ஏறிப் படுத்துக்கொண்டு மேலே பார்த்தால், வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் நீர் நுழையும் இடம். கைமரத்தின் நுனிகளை, சிறப்பாகச் சுவருக்குள் புதைந்திருக்கும் பகுதிகளை, கூரிய இரும்பால் குத்திப் பார்க்கவேண்டும். வெளியே தேக்குப்போல் மின்னும் உத்திரம் சுவருக்குள் பஞ்சாக இருப்பதுண்டு. அப்படியானால் உத்திரம் முழுவதையும் எறியவேண்டியதில்லை. உளுத்த நுனியை அறுத்துவிட்டு, நல்ல மரத்துண்டை ஏணைத்துப் பூட்டி, இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து ஆணி முறுக்கும் தச்சர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சீமை ஓடு எனப்படும் மங்களூர் ஓடு 1860-களில் பாசல் மிஷனாரால் மங்களூரில் தொடங்கப்பட்ட தொழில். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடுகள் பிடிக்கும். நாட்டு ஓட்டை மாற்றிச் சீமை ஓடு போடுவோர் சரிவைக் கவனிக்கவேண்டும். மூன்றடிக்கு ஏறக்குறைய இரண்டடி உயர்வு இருந்தால் காற்றோடு அடிக்கும் மழையும் உள்ளே ஏறாது. ஓட்டைக் கழற்றும்போது உடைவது போக எஞ்சியதைத் தட்டிப் பார்த்துக் கணீரென்று ஒலிப்பதைத் திரும்பப் பயன்படுத்தலாம். எல்லாவற்றையும் புதிதாக வாங்கச் சொல்லும் ஒப்பந்தக்காரரிடம் சற்று எச்சரிக்கையாயிருப்பது நலம்.

சுண்ணாம்பும் சிமெண்டும்

பழைய வீட்டுக்கு இன்று நேரும் தீங்குகளில் பெரும்பகுதி கைநிறையச் சிமெண்டோடு வரும் நல்லெண்ணத்தால் விளைவது. இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

சிமெண்டை நாம் பழிக்கவில்லை. 1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பார் காப்புரிமை பெற்ற போர்ட்லண்டு சிமெண்டு உலகத்தின் அணைகளையும் பாலங்களையும் தாங்கி நிற்கிறது. ஆனால் மண்சுவரின் மேல் அது பொருந்தாத சட்டை. தரையின் ஈரம் எப்போதும் சிறிது சிறிதாகச் சுவரில் ஏறிக்கொண்டிருக்கும். மண்ணும் சுண்ணாம்புக் காரையும் அவ்வீரத்தைக் காற்றில் விட்டுவிடும். சிமெண்டுப் பூச்சோ அதைத் தடுத்துவிடும். வெளியேற வழியற்ற ஈரம் மேலும் மேலும் உயர்ந்து, பூச்சின் பின்னால் மண்ணை இளக்கும். ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி அதைத் தள்ளும். இரண்டு மூன்று மழைக்காலத்துக்குப் பின் தட்டிப் பார்த்தால் பூச்சு பொள்ளென்று ஒலிக்கும். சுவர் பெலமாயிருப்பதுபோல் தோன்றும். உள்ளே மண் புட்டுப்போல் உதிர்ந்திருக்கும். சிமெண்டு பூசிய சுவரின் அடி பெயர்ந்ததைக் கண்டு, அதன்மேல் இன்னும் கனமாகச் சிமெண்டு பூசுவதைத்தான் பெரும்பாலோர் செய்கின்றனர்.

சுண்ணாம்பின் தன்மை வேறு. கொங்கு நாட்டில் சுக்கான்கல்லையும் கடற்கரைப் பகுதிகளில் கிளிஞ்சலையும் சூளையிலிட்டுச் சுடுகிறார்கள். சுமார் 900 பாகை வெப்பத்தில் கல்லிலிருந்து கரியமிலவாயு வெளியேறி நீற்றாத சுண்ணாம்பு எஞ்சுகிறது. அதில் நீர் ஊற்றினால் கொதித்து நீறுகிறது. பூசிய பின்போ, காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. ஆதலால்தான் காரை அவசரத்துக்கு இணங்காது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு முதல் மூன்று பங்கு மணல் சேர்த்து, மெல்லிய படலங்களாக, ஒரு படலம் இறுகிய பின் மறு படலம் என்று பூசவேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய முறை. மாடு கட்டிக் கல்லுருளையால் சுண்ணாம்பு அரைத்த வட்டக் கிடங்குகள் சில ஊர்களில் இன்றும் புதர் மண்டிக் கிடக்கின்றன. இப்போது அதற்கு இயந்திர அரைவை போதும். நீற்றும்போது தெறிக்கும் துளி கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. குழந்தைகளை அருகே விடலாகாது. வேலை செய்வோர் கண்ணாடி அணியவேண்டும். நீற்றிய சுண்ணாம்பை நீரில் மூழ்கவைத்துச் சில வாரம் ஊறவிட்டால் நீறாத பரல்களும் நீறிவிடும். இல்லையேல் அவை சுவரில் ஏறிய பின் நீறிப் பொரிப்பொரியாக வெடிக்கும்.

சுவரின் உடம்பில் மண் பெயர்ந்திருந்தால், அதே இடத்து மண்ணை வைக்கோல் சேர்த்துப் புளிக்கவைத்து, பழைய சுவரை நனைத்துக்கொண்டு அடைக்கவேண்டும். அடிப்பகுதி முழுதும் கெட்டிருந்தால் கருங்கல்லோ சுட்ட செங்கல்லோ வைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் மாற்றலாம். ஆனால் ஒரே நேரத்தில் மூன்றடி நீளத்துக்கு மேல் வெட்டக்கூடாது. வெட்டிய இரண்டு துண்டுகளுக்கு நடுவே வெட்டாத பகுதி நிற்கவேண்டும். ஒரு பகுதி இறுகிய பின்னரே அடுத்தது. அவசரப்பட்டு ஒரே நாளில் முழு அடியையும் தோண்டினால் சுவர் தொழிலாளர் மேல் விழும். விரிசல் இருந்தால் அதன் குறுக்கே காரைப் பொட்டு ஒன்று வைத்துத் தேதி எழுதி, ஒரு மழைக்காலம் பொறுத்துப் பார்க்கவேண்டும். பொட்டு பிளக்கவில்லையெனில் பழைய விரிசல், அடைத்துவிடலாம். பிளந்தால் அடித்தளம் இன்னும் அசைகிறது. அப்போதும், சுவர் தூக்குக்குண்டுக்கு இரண்டு மூன்று அங்குலம் சாய்ந்திருக்கும்போதும், பொறியாளர் பார்க்காமல் ஒன்றும் செய்யவேண்டா.

காற்றை விடாத வர்ணங்களும் சிமெண்டின் உறவினரே. மண்வீட்டுக்குச் சுண்ணாம்பு வெள்ளைதான் ஏற்றது. கல்யாணத்துக்குள் வீடு பளபளக்கவேண்டும் என்று முதலில் வர்ணத்தையும் கடைசியில் கூரையையும் எண்ணுவோர் உளர். கல்யாணப் புகைப்படம் நன்றாக வரும். அடுத்த ஆண்டு வளைகாப்புக்கு வீடு இராது.

முற்றத்தை மூடலாமா?

பெண்மக்கள் கேட்பதில் நியாயம் உண்டு: மழையில் நனைந்துகொண்டு சமையற்கட்டிலிருந்து ஆசாரத்துக்கு எத்தனை காலம் நடப்பது? பூனையும் குரங்கும் இறங்குகின்றனவே? இதற்காகப் பலர் முற்றத்தின்மேல் கான்கிரீட்டுத் தளத்தையோ இறுக மூடிய கண்ணாடித் தகட்டையோ போட்டுவிடுகின்றனர். உடனே வீட்டின் மூச்சு நின்றுவிடுகிறது. சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழ, திண்ணைப் புறத்துக் குளிர்ந்த காற்று உள்ளே வருவதும், தடித்த சுவர் பகல் வெயிலை உள்ளே விடப் பல மணி நேரம் எடுத்துக்கொள்வதும் சேர்ந்துதான் இவ்வீடு சித்திரையிலும் மின்விசிறியோடு தாங்குகிறது. முற்றத்துக்குக் கம்பி வலை போடலாம். மூடியே தீரவேண்டுமென்றால், ஓட்டு விளிம்புக்கு இரண்டடி உயரத்தில் தனித்தூண்கள்மேல் ஒளி புகும் தகட்டை நிறுத்தி, நாற்புறமும் காற்றுக்குத் திறந்துவிடவேண்டும். முற்றத்துத் தரையை ஆசாரமட்டத்துக்கு உயர்த்துவது மட்டும் எக்காரணத்தாலும் கூடாது. 250 குடம் நீரை நினைத்துக்கொண்டால் காரணம் விளங்கும்.

செதுக்கிய நிலைகளையும் தூண்களையும் விலைக்குக் கேட்டு வருவோர் உண்டு. காரைக்குடியின் பழம்பொருட்கடைகளில் அடுக்கியிருப்பவை இவ்வாறு வீடுகளிலிருந்து கழன்றவையே. தூணை விற்றுத் தூணிடத்தில் குழாய் நிறுத்தியவர் கணக்கில் லாபமா என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும். மரம் விற்கும் விலைக்கு அதே கனத்தில் மரம் வாங்க இயலாது என்பதே நம் எண்ணம்.

புதிதாகச் சேர்ப்பவை

இன்றைய குடும்பத்துக்குப் பழைய வீட்டில் இல்லாதவை மூன்று: கழிப்பிடம், நீர்வசதியுள்ள சமையலறை, படிக்கும் பிள்ளைகளுக்கும் வளர்ந்த மகளுக்கும் கதவுள்ள அறை. முழங்கால் வலியோடு இரவில் காட்டுப் பக்கம் நடக்கும் கிழவிக்கு, வீட்டின் பழம்பெருமையைச் சொல்லி ஆறுதல் கூற இயலாது. செப்பனிடும் பணத்தில் முதல் பங்கு கழிப்பிடத்துக்கே.

நீர் பயன்படும் அறைகளை மண்சுவருக்குள் புகுத்தலாகாது. அவற்றைப் பின்புறத்தில் தனிக் கட்டடமாக எழுப்பி, கூரையுள்ள நடைவழியால் இணைக்கவேண்டும். புதுச்சுவரைப் பழைய சுவரோடு பல்வெட்டிக் கோக்கவேண்டா. புதிய கடைக்கால் முதற் சில ஆண்டுகளில் சிறிது இறங்கும். பழையது ஏற்கெனவே இறங்கி நிலைத்துவிட்டது. கோத்தால் புதியது பழையதைப் பிளக்கும். ஓர் அங்குல இடைவெளி விட்டு, மேலே தகட்டால் மூடி, புதுக்கூரையைப் பழைய இறவாரத்துக்குக் கீழாக நுழைத்தால் இரண்டும் தத்தம் வழியில் நிற்கும்.

புதுச்சுவருக்கு எலிப்பொறிக் கட்டு நல்லது. 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தில் வாழ்ந்து, 2007-இல் மறைந்த லாரி பேக்கர் இதைப் பரப்பியவர். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவதால் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கும். செங்கல் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். தோட்டத்து மண்ணில் சிறிதளவு சிமெண்டு கலந்து அச்சில் அழுத்திய கற்களும் உண்டு. இத்தகைய கைஅச்சு 1950-களில் கொலம்பியாவில் உருவாயிற்று. ஆரோவில்லில் இம்முறையைக் கற்பிக்கிறார்கள். மலிவுக்காகக் கல்நார் அட்டையைக் கூரையாகப் போடுவோருக்கு ஒரு சொல்: அதை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் எழும் தூள் நுரையீரலைக் கெடுக்கும், இருபது முப்பது ஆண்டு கழித்தே நோய் தெரியும். போடாமலிருப்பதே மேல். பழைய அட்டையைக் கழற்ற நேர்ந்தால் நனைத்து, உடைக்காமல் இறக்கவும்.

கழிப்பிடத்துக்குத் தோட்ட வீட்டில் இரட்டைக்குழி முறை போதும். ஒரு குழி நிறைந்ததும் நீரை மற்றதற்குத் திருப்பிவிட்டு, முதலாவதை இரண்டு ஆண்டு மூடிவைத்தால் உள்ளே இருப்பது நாற்றமற்ற எருவாகிவிடும். கிணற்றுக்கு ஐம்பதடிக்குக் குறையாமல் தள்ளி அமைக்கவேண்டும். கழிவுத்தொட்டி கட்டுவோர், அதனுள் எக்காலத்திலும் ஓர் ஆளை இறக்கக்கூடாது என்பதை நினைவில் வைக்கவும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்.

விறகடுப்பு போய் எரிவாயு வந்த வீட்டில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். புகை படிந்த கைமரத்தில் பூச்சி ஏறுவது குறைவு. புகை நின்ற பின் ஆண்டுக்கொருமுறை பழைய சமையற்கட்டின் மரங்களைப் பார்ப்பது அவசியம். கரையானோ தரையிலிருந்து மண்கூடு கட்டிக்கொண்டுதான் ஏறும். மரம் மண்ணைத் தொடாமல் கல்மேல் நிற்குமானால் கூடு வெளியே தெரியும், தட்டிவிடலாம். பரணில் பழைய ஆல்ட்ரின் டப்பா கிடந்தால் அதை எடுத்துத் தூவவேண்டா. அது இந்நாட்டில் தடைசெய்யப்பட்ட நஞ்சு. மின்கம்பிகளை முற்றிலும் புதிதாக இழுத்து, மின்கசிவைத் துண்டிக்கும் கருவி ஒன்றையும் வைத்துவிட்டால் அந்த அத்தியாயம் முடிந்தது.

தறியும் விளைபொருளும்

நெசவாளர் வீட்டில் தறியை எங்கே வைப்பது என்பது படுக்கையறையைவிடப் பெரிய கேள்வி. பருத்தி நூல் சற்று ஈரப்பதத்தில் வலுக்கூடும். வறண்ட காற்றில் பாவு அறும். மண்தரையும் சுண்ணாம்புச் சுவரும் உள்ள பழைய அறை அந்த ஈரப்பதத்தைத் தானே காத்துவந்தது. அவ்வறையில் சிமெண்டுத் தரை போட்டு வழவழவென்று ஓடு பதித்தபின், பங்குனியில் நூல் அதிகமாக அறுகிறதென்று வருந்துவோர் நூலைக் குறைகூறுகின்றனர். குழித்தறி உள்ள அறையை மாற்றாமல் விடுவதே நல்லது. மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறினால் குழியைச் சுற்றி மட்டும் கல் கட்டிக்கொள்ளலாம். வெயில் நேரே பாவின்மேல் விழாதவாறு வடக்குப் பக்கம் ஒரு சன்னலைப் பெரிதாக்குக; மேலே உத்திரக்கல் வைத்த பின்பே சுவரை வெட்டுக. குழியில் இறங்க இயலாத முதியவருக்குச் சட்டத்தறி அமைத்துக்கொடுக்கலாம். விசைத்தறியை மட்டும் பழைய வீட்டுக்குள் வைத்தலாகாது. அதன் அதிர்வு நாள்தோறும் மண்சுவரைக் குலுக்கும். அதற்கு வெளியே, தனி அடித்தளத்தின்மேல் கொட்டகை வேண்டும்.

மஞ்சளும் நிலக்கடலையும் வைக்கும் அறை உலர்ந்திருக்கவேண்டும்; தறி வைக்கும் அறைக்கு வேண்டியதோ ஈரம். இரண்டையும் ஒரே அறையில் வைத்து இரண்டையும் கெடுத்துக்கொள்ளலாகாது. மூட்டைகளைத் தரையிலிருந்து அரையடி உயர்ந்த பலகைமேலும், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளியும் அடுக்கவேண்டும். பூச்சிமருந்துக்குப் பூட்டுள்ள தனிப் பெட்டி, வீட்டுக்கு வெளியே.

வேலையைத் தையில் கூரையிலிருந்து தொடங்கினால் ஓடு மாற்றும் வேலை மாசிக்குள் முடியும். சுவர் அடியை மாசி, பங்குனியில் பார்த்துக்கொள்ளலாம். காரைப் பூச்சைக் கத்திரி வெயிலில் செய்யவேண்டா, காய்ந்து உதிரும். முன்பே செய்ததாயினும், நனைந்த சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது ஈரம் காக்கவேண்டும். கடனோ சேமிப்போ, பணத்தை மூன்று தவணையாகப் பிரித்து, கூரையும் வடிகாலும் முடிந்தபின் ஒரு மழை பார்த்துவிட்டு அடுத்த தவணையை எடுப்பது கையைக் கடிக்காத வழி. ஒரே தெருவில் நான்கு வீட்டார் சேர்ந்து சுண்ணாம்பை ஒரே தொட்டியில் நீற்றினால் வண்டிக்கூலியும் ஆட்கூலியும் பகிர்ந்துகொள்ளலாம். மூடியிட்டு நீர் நிற்கவைத்த தொட்டியில் எஞ்சிய சுண்ணாம்பு அடுத்த ஆண்டுப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கவும் உதவும்.